குன்றின்மேல் ஒரு பழைய நகரம்
(கல்விச் சுற்றுலாப் பாடம் – தலைமையாசிரியர்)



மக்கள் ஏன் மலைமீது நகரம் அமைத்தார்கள்? இவ்வினாவை ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் எழுப்பினோம். "பகைவர் வருவது தொலைவிலேயே தெரியும்" என்றான் ஒரு மாணவன். "வெள்ளம் ஏறாது" என்றாள் ஒரு மாணவி. இரண்டும் சரியான விடைகளே.

இத்தாலி நாட்டில் அசிசி, ஓர்வியத்தோ, சான் ஜிமிஞானோ முதலிய நகரங்கள் குன்றுகளின் உச்சியில் அமைந்தவை. பகைவரிடமிருந்து காத்துக்கொள்ளவும், தாழ்நிலச் சதுப்புகளில் பரவிய காய்ச்சலுக்குத் தப்பவும் மக்கள் மேட்டை நாடினர். சான் ஜிமிஞானோவில் முற்காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தன என்பர். இன்று 14 கோபுரங்கள் நிற்கின்றன. நம் முன்னோரும் இவ்வுண்மையை அறிந்தவரே. திருக்குறளின் 'அரண்' அதிகாரம் நீர், நிலம், காடு ஆகியவற்றோடு மலையையும் ஓர் அரணாகக் கூறுகின்றது. செஞ்சிக் கோட்டையும் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையும் அதற்குச் சான்றுகளாகும்.

இத்தாலி நமக்கு எட்டாத தொலைவு. ஆயினும், அந்நகரங்கள் விளங்கிய அதே 14-ஆம் நூற்றாண்டில், நமக்கு அண்மையிலும் ஒரு குன்றின்மேல் அரசர் வாழ்ந்த இடம் இருந்தது. அதுவே சிங்கப்பூரிலுள்ள கேனிங் கோட்டைக் குன்று. அதனைக் காண மாணவர்களும் சில பெற்றோர்களுமாக விடியற்காலையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சென்றோம்.

தோட்டம் நகரமான கதை

முதலில் ஆங் மோ கியோவில் இறங்கினோம். நம் பள்ளியில் பயின்று, இப்போது அங்கே அடுக்குமாடி வீட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வர இசைந்திருந்தார். பசியாறக் கொடுத்தபின், வீட்டுத் தாழ்வாரத்தில் எங்களை நிறுத்தி, கீழே காட்டினார்.

"பிள்ளைகளே! நீங்கள் காணும் இந்த வட்டாரத்திலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன" என்றார் அவர்.

பிள்ளைகள் நம்பவில்லை. எங்கும் உயர்ந்த கட்டடங்கள், சாலைகள், கடைகள். ஆயினும் அது மெய்யே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை உயர்ந்தபோது இவ்வட்டாரத்தில் பால்மரங்கள் நடப்பட்டன. பின்னர் கம்பங்களும் காய்கறித் தோட்டங்களும் இருந்தன. 1973-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதுநகர்ப் பணியைத் தொடங்கியது. 1987-இல் விரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது, அதன் முதல் ஐந்து நிலையங்களுள் ஆங் மோ கியோவும் ஒன்றாயிற்று.

இங்குள்ள பெருஞ்சாலைகள் பலவற்றுக்குப் பெயருக்குப் பதிலாக எண்களே உள்ளன: முதலாம் அவென்யூ, மூன்றாம் அவென்யூ என்பன போல. "பால் வெட்டியவர்களுடைய லயங்கள் எந்த இடத்தில் இருந்தன?" என்று பால்வெட்டுத் தொழில் செய்யும் தாய் ஒருவர் கேட்டார். வழிகாட்டி சிறிது நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "அதைக் காட்டுவதற்கு ஒரு கல்கூட நான் கண்டதில்லை, அக்கா" என்றார்.

குன்றின்மேல்

ஆங் மோ கியோவிலிருந்து ரயிலேறி, எட்டாவது நிலையமான தோபி காட்டில் இறங்கினோம். 'காட்' என்பது படித்துறை. அருகில் ஓடிய ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி வெளுத்ததால் வந்த பெயர் இது. அவர்கள் போய்விட்டனர், தொழிலின் பெயர் நிலைத்துவிட்டது. அங்கிருந்து குன்று நடை தூரமே.

குன்றின் உயரம் ஏறத்தாழ 48 மீட்டர்தான். ஆனால் அதன் மண் ஒரு புத்தகம். ஒவ்வோர் அடுக்கும் ஓர் ஏடு.

அடி ஏடு, மலாய் அரசர்களின் காலம். 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூல் சிங்கப்பூராவை ஆண்ட ஐந்து அரசர்களைப் பற்றிக் கூறுகின்றது. வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி 1349-இல் எழுதிய நூலும் இவ்வூரைக் குறிப்பிடுகின்றது. அக்குடியிருப்பு மறைந்தபின் குன்றைக் காடு மூடியது. முன்னாள் அரசர்கள் உறையும் இடம் என்று அஞ்சிய மக்கள் அதனை 'புக்கிட் லாராங்ஙான்', அதாவது தடைசெய்யப்பட்ட குன்று, என்றழைத்தனர். 1822-இல் இங்கு வந்த ஜான் குராபர்டு, பழைய செங்கல் அடித்தளங்களையும் பழமரங்களையும் கண்டு எழுதிவைத்தார்.

அடுத்த ஏடு, ஆங்கிலேயர் காலம். ராபிள்ஸ் இங்கே தம் வீட்டைக் கட்டினார். 1822-இல் சாதிக்காய், கிராம்பு முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்க்க ஒரு தாவரத் தோட்டம் அமைக்கப்பட்டு, 1829-இல் கைவிடப்பட்டது. பின்னாளில் வேறிடத்தில் எழுந்த சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கே 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை அங்கே ஆராய்ந்து பரப்பியவர் ரிட்லி. நம் பெற்றோர் கையிலுள்ள பால்வெட்டுக் கத்தியின் கதை அங்கே தொடங்குகின்றது.

1859 முதல் 1861 வரை குன்றின்மேல் கோட்டை கட்டப்பட்டது; இந்தியாவின் அரசப் பிரதிநிதியாயிருந்த கேனிங் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. இன்று அதன் வாயிலும் மதிலின் பகுதிகளும் எஞ்சியுள்ளன.

பெயர் இல்லாதவர்கள்

1928-இல் குன்றின்மேல் நீர்த்தேக்கம் அமைப்பதற்காகத் தொழிலாளர் மண்ணை வெட்டினர். அவர்களுடைய மண்வெட்டியில் பொன் அகப்பட்டது. கைவளை, மோதிரம், காதணி எனச் சாவகக் கலைப்பாணியில் அமைந்த 14-ஆம் நூற்றாண்டு அணிகள்! அவற்றுட் சில, குன்றின் அடிவாரத்திலுள்ள தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. 1984-இல் ஜான் மிக்சிக் என்னும் அறிஞர் முறையாக அகழ்ந்து, சீனப் பீங்கான் ஓடுகளையும் கண்ணாடி மணிகளையும் கண்டெடுத்தார். பழைய நூல்கள் கூறியதற்கு மண்ணே சாட்சி சொல்லியது.

இவ்வளவையும் நாங்கள் விளக்கி முடித்தபோது, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, அந்தப் பொன்னை வெட்டியெடுத்தவர்களுடைய பெயர் என்ன?" என்று கேட்டாள்.

அரசரின் பெயர் சொன்னோம். பிரபுவின் பெயர் சொன்னோம். அறிஞரின் பெயரும் சொன்னோம். பொன்னை முதலில் கையிலெடுத்தவரை மட்டும் 'தொழிலாளர்' என்ற ஒரு சொல்லால் கடந்துவிட்டோம். முப்பது ஆண்டுக்கு மேலாகப் பாடம் நடத்திவரும் எங்களுக்கு அக்கேள்வி ஒரு பாடமாயிற்று.

குன்றினடியில் ஒரு நிலவறை உண்டு. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், சப்பானியரிடம் சரணடைவதென்று ஆங்கிலேயத் தளபதிகள் முடிவு செய்தது அங்கேதான். அம்முடிவின் விளைவு நம் தோட்டங்களையும் வந்தடைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். உடன் வந்த முதியவர் ஒருவர் நிலவறை வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "என் பெரியப்பா போனவர், வரவில்லை" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் குன்றின் மேற்கு அடிவாரத்திலுள்ள அருள்மிகு தண்டாயுதபாணி கோயிலுக்குச் சென்றோம். 1859-இல் நகரத்தார் எழுப்பிய கோயில் அது. தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து இங்கு வந்து சேர்கின்றன. மேலே கோட்டை எழத் தொடங்கிய ஆண்டிலேயே கீழே கோயிலும் எழுந்தது. கோட்டை இடிந்தது, வழிபாடு நிற்கவில்லை.

நாம் கற்க வேண்டியது

மாணவர்களே! நாங்கள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கூரை ஒழுகி நனைந்துபோன பழைய வருகைப் பதிவேடுகளைக் குப்பையென்று கருதி நாங்களே எரித்தோம். உங்கள் தாத்தா பாட்டிமாரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. அத்தனை பெயர்களையும் ஒரே பிற்பகலில் இழந்தோம்.

நம் தோட்டத்திலும் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நாளை இங்கும் வீடுகள் எழலாம். அதனைத் தடுக்க நம்மால் இயலாமற்போகலாம். ஆனால், இங்கு வாழ்ந்தவர் பெயரின்றி மறைவதைத் தடுக்க இயலும். அதற்குப் பொன் வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கேட்க வரும்போது, "எங்கள் கதையில் என்ன இருக்கிறது?" என்று அனுப்பிவிடாதீர்கள். பொன்னும் மண்ணுக்கடியில்தான் கிடந்தது.

பயிற்சி

1. மக்கள் மலைமேல் நகரம் அமைத்ததற்கு மூன்று காரணங்கள் கூறுக.
2. 'தடைசெய்யப்பட்ட குன்று' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
3. 1928-இலும் 1984-இலும் கேனிங் கோட்டைக் குன்றில் கிடைத்த பொருள்கள் யாவை?
4. உங்கள் லயத்தில் வாழும் முதியவர் ஒருவரைக் கண்டு, அவருடைய பெயர், பிறந்த ஊர், தோட்டத்துக்கு வந்த ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றை எழுதி வருக. இவ்விடைத்தாள்கள் திருத்தப்பட்டபின் திருப்பித் தரப்படமாட்டா; பள்ளி நூலகத்தில் கட்டிப் பாதுகாக்கப்படும்.