குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு வாக்கின் மதிப்பு

திருப்பூரில் பிறந்தவரான திரு. சி.பி. இராதாகிருஷ்ணன் 2025 செப்டம்பர் 9-ஆம் நாள் நடந்த தேர்தலில் 452 வாக்குகள் பெற்றுக் குடியரசுத் துணைத் தலைவரானார். எதிர்த்து நின்ற திரு. சுதர்சன் ரெட்டி பெற்றவை 300. அத்தேர்தலில் நம் சட்டமன்ற உறுப்பினர் எவருக்கும் வாக்கு இல்லை என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் நாடாளுமன்றத்தின் இரு அவையினர் மட்டுமே, ஆளுக்கொரு வாக்கு. குடியரசுத் தலைவர் தேர்தலோ வேறு வகையானது. அதில் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை எவ்வாறு அளக்கிறார்கள் என்பதையே இங்குக் காண்போம்.

அரசியலமைப்பின் 54-ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் சட்டப்பேரவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் வாக்காளர்கள். நியமன உறுப்பினருக்கும் மேலவையினருக்கும் இடமில்லை. ஆனால் எல்லார் வாக்கும் ஒரே மதிப்புடையதன்று. நூலை வாங்குமுன் கவுண்ட் என்ன என்று கேட்பது நம் ஊர் வழக்கம். இந்த வாக்குக்கும் அப்படியொரு கேள்வி உண்டு. மாநில மக்கள் தொகையைப் பேரவை இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டு மக்கள் தொகை 4,11,99,168. இதை 234 இடங்களாலும் பின்னர் 1,000-ஆலும் வகுத்தால் 176 வரும். நம் மாவட்டத்தின் எட்டுத் தொகுதிகளுக்கும் சேர்த்து 1,408. உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208, சிக்கிம் உறுப்பினருக்கு 7, அண்டையிலுள்ள புதுச்சேரி உறுப்பினருக்கு 16. நம் பனியன் கம்பெனிகளுக்கு வேலை தேடி வரும் ஜார்க்கண்ட் தோழர்களின் மாநிலத்துக்கும் நம்மைப் போலவே 176தான்!

மாநிலங்களின் மொத்த மதிப்பை நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகையால் வகுத்தால் அவர்களில் ஒருவரின் வாக்கு மதிப்பு கிடைக்கும். 2022-இல் அது 700. ஆகவே மாநிலங்கள் பாதி, நாடாளுமன்றம் பாதி என்று தராசு நேராக நிற்கிறது.

இனி வேட்பாளர். முப்பத்தைந்து வயது நிறைந்து, மக்களவைக்குப் போட்டியிடும் தகுதியுடைய, ஆதாயப் பதவி வகிக்காத எந்தக் குடிமகனும் நிற்கலாம். தொடக்கத்தில் இது மிக எளிதாக இருந்தது. 1967-இல் பதினேழு பேர் நின்றனர். அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 1974-இல் சட்டம் திருத்தப்பட்டு, வாக்காளர்களில் பத்துப் பேர் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்றாயிற்று. 1977-இல் மனுச் செய்த 37 பேரில் 36 பேரின் மனுக்கள் தள்ளப்பட, நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். 1997 முதல் ஐம்பது பேர் முன்மொழிந்து, ஐம்பது பேர் வழிமொழிய வேண்டும். வைப்புத் தொகை ரூ. 15,000. கட்சி என்ற சொல்லே இந்த விதியில் இல்லை. கட்சிகள் வேட்பாளரை அறிவிப்பது நடைமுறையே தவிர, சட்டமன்று. கட்சிக் கொறடாவின் ஆணையும் இங்கே செல்லாது, வாக்கு இரகசியமானது.

இதன் பொருளை நாடு உணர்ந்தது 1969-இல். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. காமராசர் முதலிய மூத்த தலைவர்கள் அவர் பக்கம். வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் பிரதமர் இந்திரா காந்தி. தி.மு.க. கிரியை ஆதரித்தது. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. எவரும் அதை எட்டவில்லை. இந்தத் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடுவதால், பின்தங்கியவர்கள் நீக்கப்பட்டு, அவர்களுடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்பட்டன. அவற்றில் ரெட்டி 91,879 பெற்றார். கிரிக்குக் கிடைத்தவை 18,562 மட்டுமே. இருந்தும் 4,20,077 என்று கிரி கரையேறினார். வரம்புக்கு மேல் வெறும் 1,908. சிறிய மாநிலம் ஒன்றின் சில உறுப்பினர்கள் மனம் மாறியிருந்தால் என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் இன்றும் ஏன் 1971-ஆம் ஆண்டின் கணக்கு? 1976-இல் வந்த 42-ஆம் திருத்தம் அந்த எண்ணை நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் முனைந்த மாநிலங்கள் அதற்காகவே பிரதிநிதித்துவத்தை இழக்கக்கூடாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். என் எண்ணத்தில் இந்த நியாயம் வலுவானதே. ஆயினும் மறுபக்கமும் உண்டு: 1971-க்குப் பின் பிறந்த ஒருவர்கூட இந்த எண்ணில் இல்லை. இதைப் படிக்கும் மாணவர் எவரும் அந்த 176-க்குள் அடங்கவில்லை!

84-ஆம் திருத்தம் இந்த நிறுத்தத்தை, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்வரை நீட்டித்தது. அதன் பின் என்னவாகும்? 2011-ஆம் ஆண்டு எண்களை வைத்து நானே கணக்கிட்டுப் பார்த்தேன். இடங்களின் எண்ணிக்கை மாறாதிருந்தால் தமிழ்நாட்டு உறுப்பினருக்கு 308, உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 496. இரண்டும் உயர்கின்றன, ஆனால் இடைவெளியும் விரிகிறது. 2022-இல் மாநிலங்களின் பாதியில் நம் பங்கு நூற்றுக்கு ஏழரை. 2011 எண்ணின்படி ஏறத்தாழ ஆறு. பேரவை இடங்களைக் கூட்டினாலும் இது மாறாது. ஒவ்வொருவரின் வாக்கு மதிப்பு குறையுமே தவிர, மாநிலத்தின் மொத்தம் மக்கள் தொகையையே பின்பற்றும்.