புது புல்லட்டுக்கு என்னவெல்லாம் மாட்டலாம்?

கேள்வி: இரண்டு மாதம் முன்பு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுத்தேன். சைலன்சர், பின்னால் அகல டயர், கூடுதல் எல்.இ.டி. விளக்கு, மூன்றும் போட்டால் வண்டி கெத்தாக இருக்கும் என்கிறார் எங்கள் ஏரியா மெக்கானிக். 18,000 ரூபாய் ஆகுமாம். அப்பாவோ, புது வண்டியில் கை வைக்காதே என்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அப்பா சொல்வதில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது.

வாங்கிவிட்டு அதிகம் பேர் நொந்துகொள்வது சைலன்சருக்குத்தான். உங்கள் 349 சி.சி. இன்ஜின் தருவது 20.2 குதிரைத்திறன். சத்தம் கூடியதால் அது கூடிவிடாது. கூடியதுபோல் காதுக்குத் தோன்றும், அவ்வளவுதான். பி.எஸ். 6 வண்டியின் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அது தரும் தகவலை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கலாம் என்று ஈ.சி.யூ. முடிவு செய்கிறது. கண்ட குழாயை மாட்டினால் அந்தக் கணக்கு குழம்பும். ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் பட் பட்டென்று வெடிக்கும், மீட்டரில் இன்ஜின் விளக்கு எரியவும் கூடும். முதல் வாரம் தெருவே திரும்பிப் பார்க்கும். அப்புறம் ஒருமுறை சென்னைக்கு ஓட்டிப் பாருங்கள், உளுந்தூர்பேட்டை வருமுன்பே தலை வலிக்கும். போலீஸ் பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு இருக்கிறது: 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்சும் மூன்று மாதம் போய்விடும். இந்தக் கெத்துக்கு இவ்வளவு விலையா?

அடுத்து டயர். உங்கள் பின்டயரின் பக்கவாட்டில் 120/80-18 என்று இருக்கும், குனிந்து பாருங்கள். 120 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம். 18 அங்குலம் ரிம்மின் விட்டம். மெக்கானிக் 140 போடலாம் என்பார். ஆனால் ரிம் பழைய ரிம்தானே! குறுகலான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி உருண்டு நிற்கும். டயர் அகலமாகிவிட்டது என்பதற்காகத் தரையில் பிடிப்பும் அதே அளவுக்குக் கூடாது. வளைவில் வண்டியைச் சாய்க்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், மைலேஜும் இறங்கும். செயின் கவரில் டயர் உரசுகிறது என்று மறுவாரமே வந்து நிற்பவர்களும் உண்டு.

எல்.இ.டி. விளக்கு கெட்டதில்லை, மாட்டும் விதம்தான் கெட்டது. வயரை உரித்து, முறுக்கி, டேப் சுற்றி விடுகிறவரிடம் கொடுக்காதீர்கள். தனி ரிலேயும் ஃபியூஸும் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் வயரிங் பழுதாகும். கம்பெனி வயரை வெட்டியிருந்தால் வாரண்டியும் கேள்விக்குறி.

இன்னும் சில மாதம் அப்படியே ஓட்டுங்கள். இடுப்பு வலித்தால் சீட்டை மாற்றலாம். டயர் தேய்ந்தபின் அதே அளவில் நல்லதாக வாங்கிப் போடலாம். லெக் கார்டு இல்லையென்றால் இப்போதே மாட்டிவிடுங்கள். வண்டிக்கு என்ன குறை என்று தெரியும் முன்பே வாங்கிய சாமான்தான் பெரும்பாலும் வீட்டு மூலையில் கிடக்கும்.

எதைக் கழற்றினாலும் பழைய பாகத்தைக் கடையில் விட்டு வராதீர்கள். வண்டியை விற்கும்போது அது தேவைப்படும். 18,000-ஐ இப்போதே செலவழித்தாக வேண்டும் என்றால், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து.