எரியும் விளக்கு, எரியாத விளக்கு

பெரம்பலூரிலிருந்து அரியலூர்ப் பக்கம் உள்ள எங்கள் பள்ளிக்கு நான்கு ஆசிரியர்கள் என் காரில் போய் வருகிறோம். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளுக்கு நடுவேதான் தினமும் பயணம். ஒரு திங்கட்கிழமை காலை மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது, அணையவே இல்லை. உட்கார்ந்திருக்கும் மனிதன், அவன் முகத்துக்கு முன்னால் ஒரு பந்து. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அது. வழியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். “வண்டி நல்லாத்தானே ஓடுது சார், பல்பைக் கழற்றிட்டா தொல்லை இல்லை” என்றார்.

அன்று பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ நடத்த வேண்டிய நாள். அந்த விளக்கிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்.

பாட நுழைவு

மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நிற்கிறது. உள்ளே இருப்பவர் நிலைமத்தால் அதே வேகத்தில் முன்னே போகிறார். அவர் நிறை 60 கி.கி., வேகம் வினாடிக்கு 15 மீட்டர் என்றால் உந்தம் 900 கி.கி.மீ/வி. ஸ்டீயரிங்கில் மோதி 0.01 வினாடியில் நின்றால் சராசரி விசை 90,000 நியூட்டன். அதே உந்த மாற்றம் 0.1 வினாடியில் நடந்தால் 9,000 நியூட்டன். நேரம் பத்து மடங்கு கூடினால் விசை பத்தில் ஒரு பங்காகிறது. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் செய்வது இதைத்தான்: நிற்கும் நேரத்தை நீட்டுகின்றன.

வேகம் திடீரெனக் குறைவதை உணரிகள் அறிந்ததும், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்பி ஏர்பேக்கில் உள்ள வேதிப்பொருளைப் பற்றவைக்கிறது. அதில் உண்டாகும் வாயு ஏறக்குறைய 0.03 வினாடியில் பையை நிரப்பிவிடும். கண் இமைக்கும் நேரத்தைவிட இது குறைவு.

“பெல்ட் போடாம ஏர்பேக் மட்டும் இருந்தா போதாதா சார்?” என்று ஒரு மாணவன் கேட்டான். போதாது. பெல்ட் இல்லாதவர் விரிந்துகொண்டிருக்கும் பையின்மேலேயே போய் விழுவார்; அந்த அடியே காயப்படுத்தும். ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணைதான், மாற்று அன்று.

விளக்குக்கு எப்படித் தெரிகிறது?

இங்கே ஓம் விதி வருகிறது. வண்டியைத் திறவுகோல் போட்டு இயக்கியதும், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு சுற்றின் மின்தடையையும் சோதிக்கிறது. பற்றவைக்கும் சுற்றில் அது சில ஓம்கள்தான் இருக்கும். மிக அதிகமானால் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. மிகக் குறைந்தால் எங்கோ குறுக்குச்சுற்று. பழுது கண்டால் விளக்கை எரியவிட்டு, அதற்குரிய குறியீட்டை நினைவில் வைக்கிறது. விளக்கு எரியும்போது விபத்து நேர்ந்தால் பை விரியாமல் போகலாம். பழுது உண்டு என்பதை விளக்கு சொல்லும். எங்கே என்பதை நாம்தான் தேட வேண்டும்.

கரும்பலகையில் மூன்று நிலைகளை எழுதினேன்.

1. திறவுகோல் போட்டதும் எரிந்து, சில வினாடிகளில் அணைந்தால்: சோதனை முடிந்தது, பழுது இல்லை.
2. அணையாமல் எரிந்தால், அல்லது ஓடும்போது எரியத் தொடங்கினால்: பழுது உண்டு. இருக்கையின் அடியில் தளர்ந்த இணைப்பான், ஸ்டீயரிங்குக்குள் சுருளாக இருக்கும் கம்பி அறுந்தது, பெல்ட் கொக்கியின் சுவிட்ச், எலி கடித்த ஒயர், பலவீனமான பேட்டரி என எதுவாகவும் இருக்கலாம்.
3. திறவுகோல் போட்டும் எரியவே இல்லை என்றால்: விளக்கோ அதன் சுற்றோ செயல்படவில்லை. வண்டியின் நிலை நமக்குத் தெரியாது.

செயல்பாடு

ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு உலர்மின்கலன்கள், ஒரு டார்ச் பல்பு, சுவிட்ச், கம்பிகள் பொருத்திய ஓர் அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பழுதை மறைத்து வைத்தேன்: டேப்புக்குள் விலகிய கம்பி, தீர்ந்த மின்கலன், தளர்ந்த பல்பு. கைவைக்கும் முன் காரணத்தை ஊகித்து எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரு குழு மின்கலனையும் பல்பையும் ஒன்றாக மாற்றியது. பல்பு எரிந்தது, ஆனால் எது பழுது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. விதியை ஏன் வைத்தேன் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

இது அட்டையில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை. காரின் ஏர்பேக் ஒயர்களில் சாதாரண மல்டிமீட்டரை வைக்கக் கூடாது. அதன் மின்னோட்டமே பையை வெடித்து விரியச் செய்யலாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் சற்று நேரம் இருக்கும். அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. இதை மாணவர்களிடம் இருமுறை சொல்லுங்கள்.

என் வண்டியை மறுநாள் ஸ்கேனர் உள்ள பணிமனைக்குக் கொண்டுபோனேன். குறியீடு ஓட்டுநர் இருக்கைப் பக்கம் காட்டியது. இருக்கையின் அடியில் மஞ்சள் இணைப்பான் பாதி கழன்றிருந்தது. காரணம் நான்தான்: விடைத்தாள் கட்டுகளை அங்கேதான் திணித்து வைப்பேன். இணைப்பானை அழுத்திப் பொருத்தி, குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்தது.

மூன்றாம் நிலை

பாடம் நடந்த அன்று ஒரு மாணவி, “எங்க அப்பா வண்டியில அந்த விளக்கு எரிஞ்சதே இல்லை சார்” என்றாள், பெருமையாக. பழைய வண்டியாக வாங்கியது, வாடகைக்கு ஓட்டுகிறார். “சாவி போட்டதுமாவது எரியுமா, பார்த்துட்டு வா” என்றேன். எரியவில்லை. அவள் வற்புறுத்தியதில் அப்பா வண்டியைக் காட்டியிருக்கிறார். மீட்டருக்குள் பல்பு இல்லை. முன்பு எப்போதோ விரிந்த ஏர்பேக்குக்குப் பதில் புதியது வைக்காமல், மேல்மூடியை மட்டும் ஒட்டியிருந்தார்கள். அத்தனை நாளும் அந்தக் குடும்பம் அதை நம்பித்தான் பயணம் செய்திருக்கிறது.

புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். சட்டம் பையைக் கொடுத்தது. விளக்கை வாயடைத்தால் அந்தப் பை இருக்கிறதா என்பதே தெரியாது. பெல்ட் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப்புகளை இணையத்தில் விற்றதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஆணையிட்டதையும் வகுப்பில் பேசினோம்.

மதிப்பீடு

வாரத் தேர்வில் உந்தக் கணக்குக்குப் பாதிப் பேர் தவறான விடை எழுதியிருந்தார்கள். பாடத்தை முழுவதும் மறுபடி நடத்தத்தான் முதலில் நினைத்தேன். பிறகு தாள்களை வரி வரியாகப் பார்த்தேன். சூத்திரம் சரி, பிரதியிட்டதும் சரி. மணிக்குக் கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக மாற்றும் ஒரே இடத்தில்தான் பழுது. இருபது நிமிடப் பயிற்சியில் சரியானது. இப்போது விடைத்தாள் கட்டுகளை இருக்கையின் அடியில் வைப்பதில்லை.