கல்விச் சீரும் பள்ளி ஆண்டு விழாவும்

நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஜூன் திங்களில் தொடங்கும் பாடவாண்டு ஏப்பிரல் திங்களில் நிறைவெய்துகின்றது. அந்நிறைவை ஒட்டி நிகழும் ஆண்டு விழாவைப் பற்றியும், அதன்கண் மாணாக்கரின் பெற்றோரும் உற்றாரும் கொள்ளுதற்குரிய பங்கைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். பிள்ளைகளின் பாட்டிற்கும் கூத்திற்கும் ஓர் ஆராய்ச்சியும் வேண்டுமோ என நேயர் சிலர் நகைத்தல் கூடும். பந்தல் பிரித்து ஒலிபெருக்கி இறக்கிய மறுநாள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எவ்வழிச் செல்கின்றது என்னும் வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. அவ்வினாவே நம்மை எழுதத் தூண்டியது. நாம் எடுத்துக்கொண்ட நிலப்பகுதி உடுமலைப்பேட்டையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களுமாம். 2009ஆம் ஆண்டுவரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, அவ்வாண்டிற் புதிதாக அமைந்த திருப்பூர் மாவட்டத்திற் சேர்ந்தது இப்பகுதி. தென்னந்தோப்புகளும் நூற்பாலைகளும் கோழிப் பண்ணைகளும் மிக்க இடமாதலின், பெற்றோரிற் பெரும்பாலார் அன்றாடக் கூலியினர் என்பதை முதற்கண் நினைவிற்கொள்க.

பயின்றதனை அவைமுன் காட்டுதல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னீராண்டு நிரம்பிய காலத்து அரசன்முன் அரங்கேறுகின்றாள். அவளைப் பயிற்றிய ஆசான்மாரின் இலக்கணமும் ஆங்கே விரித்துக் கூறப்படுகின்றது. கற்றவள் மட்டுமன்றிக் கற்பித்தாரும் அவைக்குக் கணக்குக் காட்டிய நாள் அது என்க. இனி, புறநானூற்று 312ஆம் பாட்டிற் பொன்முடியார் ஓர் ஆண்மகனை ஆளாக்குதற்குரிய கடமைகளைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்னும் நால்வர்க்கும் பகுத்து வைத்தார். பிள்ளையைப் பண்பு நிரம்பியவனாக்கும் பொறுப்பைத் தந்தையின் தலையிற் சுமத்தினார். ஆசிரியர்க்கு அப்பகுப்பில் இடமே இல்லை! போர்க்களம் நோக்கிய பாட்டாகலின் அங்ஙனம் அமைந்தது எனக் கூறுவாருமுளர். எங்ஙனமாயினும், கல்வி முழுவதையும் பள்ளிக்கூடத்து வாயிலில் இறக்கிவைத்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் பழைமையன்று என்பது தெளிவு.

கொங்கு நாட்டுத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி உறுதியான கணக்கொன்று நமக்குக் கிடைத்திருக்கின்றது. சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாகாணத்துப் பள்ளிகளை எண்ணுமாறு ஆணையிட்டபோது, கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் அனுப்பிய கணக்கின்படி இம்மாவட்டத்தில் 763 பள்ளிகளும் 8,206 மாணாக்கரும் இருந்தனர். பள்ளி ஒன்றுக்குச் சராசரி பதினொருவர்! அச்சிறு தொகையினரின் குடும்பம் ஒவ்வொன்றையும் உபாத்தியாயர் அறிந்திருந்தார் என்பதில் வியப்பில்லை. நவராத்திரி நாளில் மகாநோன்பு என்னும் பெயரால் அவர் தம் மாணாக்கரைக் கோலாட்டக் கழிகளோடு வீடுதோறும் அழைத்துச் செல்வார். பிள்ளைகள் பாடி ஆடுவர். வீட்டார் ஆசிரியர்க்குப் பணமும் ஆடையும் ஈவர். விழாவைக் காணப் பெற்றோர் பள்ளிக்கு வந்திலர். விழாவே அவர்தம் வாயிலுக்குச் சென்றது. இதனைப் புகழ்ந்து பேசுங்கால் மற்றொன்றையும் மறைத்தல் தகாது. அந்த 8,206 பேருள் பெண்பாலார் 82 பேரே. ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலார் திண்ணையின் அருகும் அணுகிற்றிலர். ஆதலின் அக்காலத்து நெருக்கத்தை மட்டும் நாம் விரும்புகின்றோமேயன்றி அக்காலத்தை விரும்புகின்றோமில்லை.

பின்னர்ப் பள்ளிகள் பல்கின. அரசினர் உதவியும் பெருகிற்று. ஊரார்க்கும் பள்ளிக்கும் இடையே ஒரு வேலி எழுந்தது. அவ்வேலியைத் தளர்த்த முயன்றவர் காமராசர் ஆட்சிக்காலத்துக் கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள். 1950களின் பிற்பகுதியில் அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் பலகையும் மேசையும் கட்டடமும் நிலமும் தத்தம் ஆற்றலுக்கேற்ப வழங்கினர். அம்மரபின் வழித்தோன்றலாகவே இந்நாளிற் பல ஊர்களில் நிகழும் ‘கல்விச் சீர்’ நமக்குத் தோன்றுகின்றது. தாம்பாளங்களிற் பழமும் பூவும் வைத்து, அவற்றோடு நாற்காலி, மின்விசிறி, சுவர்க்கடிகாரம், பீரோ, நோட்டுப்புத்தகம், வாளி, துடைப்பம் முதலாயினவற்றையும் ஏந்தி, மேளதாளத்துடன் ஊரார் பள்ளிக்கு ஊர்வலமாய் வருகின்றனர். ஆசிரியன்மார் வாயிலில் நின்று வரவேற்கின்றனர். நன்கொடை என்னும் சொல் தோற்ற இடத்திற் சீர் என்னும் சொல் வென்றுவிட்டது. அச்சொல்லைத் தேர்ந்தவர் யாரோ, மக்களின் உள்ளத்தை நன்கறிந்தவர்.

என்னை? கொங்கு நாட்டிற் சீர் என்பது வெறும் பொருளன்று. காதணி விழாவாயினும் திருமணமாயினும் தாய்மாமன் சீர் வாராமல் எதுவும் தொடங்காது. உடன்பிறந்தாள் செய்தற்குரிய இணைச்சீர் முதலாக ஒவ்வொரு சீர்க்கும் உரியார் இன்னார் என்னும் வரையறையுண்டு. சீர் கொணர்ந்தவர் விருந்தாளி அல்லர், அவ்வீட்டின்கண் உரிமையுடையவர், நன்மை தீமைகளிற் கலந்து பேசுதற்குரியவர். சீர் ஏற்றவரும் பிறிதொரு நாளில் எதிர்ச்சீர் செய்யக் கடமைப்பட்டவர். இவ்விருவகை உறவும் இல்லாதவிடத்துத் தட்டில் வைத்த பொருள் தட்டில் வைத்த பொருளேயாம். ஆகவே நாம் வினவுவது இது: ஊரார் சீர் கொணர்ந்தனர், பள்ளி அவர்க்குச் செய்யும் எதிர்ச்சீர் யாது?

உடுமலை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த ஆண்டு விழாவினை நாம் நேரிற் கண்டதுண்டு. டிராக்டர்ப் பெட்டியின் மீது பலகை பரப்பி மேடை அமைத்திருந்தனர். மாறுவேடத்தில் வந்த பாரதியார் மூவர்க்கும் மீசை வியர்வையில் இறங்கிவிட்டது. தாய்மார்க்கு நடந்த எலுமிச்சை கரண்டி ஓட்டத்தில் ஒரு பாட்டியார் பரிசு பெற்றபோது எழுந்த ஆரவாரம் வேறெதற்கும் எழவில்லை. எல்லாம் இனிதே. ஆயின் மதிற்சுவரின் வெளியே, வேப்பமரத்தடியில், ஓர் அம்மையார் நின்றுகொண்டே இருந்தார். அவர் மகள் நடனத்திற் சேரவில்லை. வாடகை உடைக்குக் கேட்ட தொகை ஒரு நாட் கூலியினும் மிகுதியாயிருந்தமையே காரணம். உள்ளே வருமாறு ஆசிரியை அழைத்தபோது, “வெறுங்கையோட எப்பிடிங்க டீச்சர் வர்றது?” என்றார் அவர். பீரோ கொணர்ந்தவர் பெயர் அப்பொழுது ஒலிபெருக்கியில் மூன்றாம் முறையாக அறிவிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சீர் என்னும் இனிய வழக்கம், கொடுப்பாரின் தரவரிசையாய் மாறுமிடத்து, வரவேண்டியவரையே வாராமற் செய்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. பொருள்களை எல்லாம் ஊரின் பெயராற் பொதுவில் ஏற்று, தனிப்பெயர் கூறாது விடுதல் நன்றென்பது நம் கருத்து. தட்டுகளை எத்தெருவினரும் ஏந்துதல் வேண்டும். ஒரு தெருவார் ஏந்த, மற்றொரு தெருவார் மேளம் மட்டும் கொட்டுதல் பள்ளி வாயிலிலேனும் ஒழிக.

எதிர்ச்சீர் யாதென்னும் வினாவிற்கு வருவோம். ஒவ்வொரு பிள்ளையின் கல்வி நிலையையும் அதன் பெற்றோர்க்கு உள்ளவாறு கூறுதலே அது என்கின்றோம். முன்னாளில் ‘பாசு’, ‘பெயில்’ என்னும் இரு சொற்களேனும் பெற்றோர்க்கு ஏதோ அறிவித்தன. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளை நிறுத்திவைத்தலை விலக்கியது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம் எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்க மாநிலங்கட்கு இடமளிக்கப்பட்டது. தமிழகத்தில் அவ்வகுப்புகட்கு அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியிற் கைவிடப்பட்டது. இளம்பிள்ளைகளைத் தேர்வென்னும் வாளால் வெட்டாது விட்டது நன்றே. ஆனால், பிள்ளை மேல்வகுப்பிற்கு ஏறுகின்றது என்னும் செய்தி, பிள்ளை படிக்கக் கற்றுவிட்டது என்னும் செய்தியாகாது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையும் ஏறும். கையெழுத்திடுதற்கே அஞ்சும் தாய் இதனை எங்ஙனம் அறிவாள்? ஆகலின் விழா நாளின் முற்பகலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாரை அருகிருத்தி, தானே தேர்ந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டட்டும். சந்தைக் கணக்கொன்றைப் போட்டுக் காட்டட்டும். தான் வரைந்ததையும் நட்டதையும் காட்டட்டும். நூறு பிள்ளைக்கு ஒரு நடனம் என்னும் நிலை நீங்கி, பிள்ளைக்கோர் அரங்கேற்றம் ஆகும். ஜப்பான் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் மார்ச்சுத் திங்களில் நிகழும் நிறைவு விழாவிற் பிள்ளை ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி அழைத்துச் சான்றிதழ் நல்குவர். பெற்றோர் இருந்து காண்பர். பெயர் அழைக்கப்படாத பிள்ளை ஒன்றும் இராது என்பதே அதன் சிறப்பு.

மேற்கூறிய சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும் என்றும், மொத்தத்திற் பாதியினர் மகளிராதல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. தமிழகமெங்கும் 2022 மார்ச்சு 20ஆம் நாள் இக்குழுக்களின் பொருட்டுப் பெற்றோர் கூட்டங்கள் நடைபெற்றன. சட்டம் நாற்காலி இட்டுவிட்டது. அமர்ந்தவர் வாய் திறத்தல்தான் வேண்டும். நாற்காலியில் அமர்ந்த தாய்மாரிடம் விழாவின் நாளையும் பொழுதையும் குறிக்கும் உரிமையை முதலில் விடுக. ஆலையில் முறைவேலை செய்வார்க்கும் தோப்பிற் காய் பொறுக்குவார்க்கும் எப்பொழுது ஓய்வு என்பதை அவரினும் அறிந்தார் யார்? பிற்பகல் இரண்டு மணிக்கு விழா வைத்துவிட்டுப் பெற்றோர் வரவில்லை என வருந்துதல், இரவில் வலை விரித்துப் பகற்பறவையை எதிர்நோக்குதல் போலும். பங்குனி சித்திரையில் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டிவிட்டால், ஊரார் இரவு வெளியூரிற் றங்காமல் திரும்புதல் இப்பக்கத்து வழக்கம். சாட்டு என்பது அத்துணை வலியது. பள்ளி விழாவையும் பதினைந்து நாள் முன்னரே, தெருத்தெருவாகப் பிள்ளைகளே சென்று, சாட்டிவிடுதல் தக்கது.

வாடகை உடைச் சிக்கலுக்கும் ஊருக்குள்ளேயே தீர்வுண்டு. வள்ளி கும்மியும் ஒயிலாட்டமும் அறிந்த ஆசான்மார் இன்றும் கொங்கு ஊர்களில் உளர். சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலிற் பொங்கலையொட்டிச் சலகெருது ஆட்டம் நிகழ்தலைக் கண்டார் பலர். இக்கலைகட்கு வீட்டிலுள்ள வேட்டியும் துண்டும் போதும். பயிற்றுவிப்பவர் பிள்ளையின் பாட்டனாராகவே இருத்தலும் கூடும். பள்ளிப்படி ஏறி அறியாத கிழவர் ஒருவர், மாலைதோறும் ஆசிரியராகவே அங்கு வருவார் அன்றோ? திரையிசையில் நாம் போற்றும் உடுமலை நாராயணகவி 1899இற் பூளவாடியிற் பிறந்து, வறுமையாற் பள்ளிப் படிப்பை இளமையிலேயே இழந்து, முத்துசாமிக் கவிராயரிடம் நாடகக் கலை பயின்று எழுந்தவர். ஊர்க்கலையை மேடையிலிருந்து இறக்கிவிட்டுத் திரைப்பாட்டிற்குப் பிள்ளைகளை ஆட்டுவிப்போர், திரைக்கே பாட்டளித்தவர் எவ்விடத்திற் கற்றார் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, தொடக்கத்திற் குறித்த வினா. ஊரில் இருப்பது ஐந்தாம் வகுப்புவரை மட்டும் உள்ள பள்ளியாயின், அவ்விழா அப்பிள்ளைகட்கு விடைபெறும் நாள். தமிழக விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருத்தல் வேண்டும். நிலப்படத்தில் மூன்று கிலோமீட்டர் சிறிது. பத்து வயதுப் பெண்பிள்ளை தனியே செல்லும் தோப்புவழியில் அது நெடிது. குழிப்பட்டி, குருமலை, மாவடப்பு முதலாய மலைக்குடியிருப்புகளிலோ வழியே வேறுவகையது. காடும் காட்டுவிலங்கும் இடைநிற்பன. மாற்றுச் சான்றிதழ் வழங்கியதும் ‘எமிஸ்’ என்னும் கணினிப் பதிவேடு பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்பில் வைத்துக்கொள்ளும். பிள்ளை வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றதா, தாயோடு தோப்பிற்குச் சென்றதா என்பதை ஊராரே அறிவர். ஆகவே அன்றுமாலை, சீர் கொணர்ந்தவர் அனைவரும் கூடியிருக்கும் அவையிலேயே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றின் பெயரையும், சேரவிருக்கும் பள்ளியையும், எவரோடு எவ்வண்டியிற் செல்லும் என்பதையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். பேருந்தில் இலவசப் பயணச்சீட்டு உண்டென்பதை அங்கேயே அறிவிக்கலாம். ஒரே தெருப்பிள்ளைகளை ஒன்றாகச் செல்லுமாறு இணைக்கலாம். தாய்மாமன் உரிமையோடு வந்தவர், “இந்தப் பிள்ளையை நான் கொண்டுபோய் விடுகிறேன்” என்று சொல்லுதற்குரிய இடமும் அதுவே. பின்னர் ஜூன் முதல் வாரத்தில், தலைமையாசிரியரும் குழுத்தாய்மார் இருவரும் அக்குறிப்பேட்டோடு அடுத்த ஊர் நடுநிலைப் பள்ளிக்குச் சென்று, எழுதிய பெயர்க்கெல்லாம் பிள்ளைகள் வந்திருக்கின்றனரா எனப் பார்த்து வருதல் ஒரு முற்பகல் வேலையே. வாராத பெயர்களின் வீட்டிற்குச் செல்லப் பிற்பகல் இருக்கின்றது.