கருவி பொருத்தினால் போதுமா?

'ஆபரேஷன் முடிஞ்சாச்சு, இனி பிள்ளை தானாகப் பேசிடும்' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேளாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் என்ற உட்செவிக் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை கைகூடியதும் பெரிய கவலை தீர்ந்தது என்று பெற்றோர் நினைப்பது இயல்பே. ஆனால், கருவியை உள்ளே வைத்த அன்று குழந்தைக்கு எதுவும் கேட்காது. புண் ஆறி, சில வாரங்கள் கழித்து வெளிக்கருவியை மாட்டி 'ஸ்விட்ச் ஆன்' செய்யும்போதுதான் முதல் ஒலி போகிறது. அதைக் கேட்டுக் குழந்தை மிரண்டு அழவும் கூடும். உட்செவியில் சுமார் 3,500 உள் மயிரணுக்கள் பார்க்கும் வேலையைப் பெரும்பாலான கருவிகளில் 12 முதல் 22 மின்முனைகளே பார்க்கின்றன. இப்படி வரும் ஒலியைப் பேச்சாகப் பிரித்தறிய மூளை பழக வேண்டும். அதற்கு மாதங்கள் அல்ல, வருடங்கள் ஆகும்.

'அதற்குத்தான் தெரபிஸ்ட் இருக்கிறாரே' என்பது அடுத்த நம்பிக்கை. வாரத்தில் இரண்டு மணி நேரப் பயிற்சி வழிகாட்டும். குழந்தை விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான் கழிகிறது. அமெரிக்காவில் 188 குழந்தைகளை மூன்றாண்டுகள் கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் கருவி பொருத்தப்பட்டவர்களும், பெற்றோர் நிறையப் பேசிப் பழகிய குழந்தைகளும் மொழியில் கூடுதலாக முன்னேறியிருந்தனர். வருமானமும் அங்கே ஒரு காரணமாகத் தெரிந்தது. படித்த, வசதியான வீடுகளுக்குத்தான் இது சரிப்படும் என்று சிலர் சொல்வது அதனால்தான். பேச்சுக்குப் பணம் வேண்டாம் என்பதே என் பதில். குக்கர் விசில் அடித்ததும் காதைத் தொட்டு 'கேட்டுச்சா?' என்று கேட்டு, குழந்தை தேடிய பிறகு அடுப்பைக் காட்டுவதும் பயிற்சிதான். முதலில் ஒலி, பிறகு பொருள். இந்த வரிசை மாறக் கூடாது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய் பயிற்சிக்காக இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறாள் என்பது நியாயமான ஆட்சேபம். அவளைக் குறை சொல்வதில் பயனில்லை. பயிற்சி அவள் ஊர்ப்பக்கம் வர வேண்டும், வெளிக்கருவியின் காயிலும் கேபிளும் பழுதானால் உடனே மாற்றித் தரப்பட வேண்டும்.

விலை உயர்ந்தது என்று பயந்து, பயிற்சி நாளில் மட்டும் மாட்டிவிட்டு மற்ற நாளெல்லாம் கருவியைப் பீரோவில் பூட்டி வைப்பதுதான் பெரிய இழப்பு. குளிக்கும், தூங்கும் நேரம் தவிர அது காதிலேயே இருக்கட்டும். தினமும் காலையில் மாட்டியதும், வாயசைவு தெரியாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். நேற்றுத் திரும்பிய ஒலிக்கு இன்று திரும்பவில்லை என்றால் பேட்டரியையும் கேபிளையும் பாருங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் அடுத்த மேப்பிங் (கருவியின் ஒலி அளவுகளைச் சரிசெய்யும் நாள்) வரை காத்திருக்காமல் அன்றே ஆடியாலஜிஸ்ட்டை அழையுங்கள்.