மகள் வீட்டுக்கு அருகே

கேள்வி: ஓய்வு பெற்ற நாங்கள் இருவரும், பல்லாவரத்தில் வசிக்கும் மகளுக்கு அருகில் குடியேற விரும்புகிறோம். குரோம்பேட்டை, முடிச்சூர் இவ்விரண்டில் எது உசிதம்? – ஒரு வாசகர், கும்பகோணம்.

பதில்: வயோதிகத்தில் பந்துக்களின் சமீபம் என்பது மைல் கணக்கில் அளக்கத்தக்கதன்று, அகாலத்தில் உடம்புக்கு ஒன்று நேர்ந்தால் மகள் எத்தனை நிமிஷங்களில் வந்து சேர முடியும், பேரக்குழந்தை பிறர் துணையின்றி உங்களைப் பார்த்துவர இயலுமா என்பவையே அதன் உண்மையான பிரமாணங்கள். 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிவரும் மின்சார ரயிலில், பல்லாவரத்துக்கு அடுத்த நிலையம் குரோம்பேட்டை. அங்கேயே அரசு மருத்துவமனையும், அடுத்த நிலையமான தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருப்பது உங்கள் பிராயத்தினருக்குப் பெரிய சௌகரியம். முடிச்சூரோ ரயில் பாதையிலிருந்து விலகியிருப்பது. விசாலமான வீடு கிடைக்கலாமென்றாலும், 2015 டிசம்பரில் அடையாற்றின் வெள்ளம் அங்கே வீடுகளுக்குள் புகுந்து ஜனங்களைப் படகேற்றியதை மறந்துவிடலாகாது. குரோம்பேட்டையிலும் ஏரிகளை ஒட்டிய தாழ்ந்த தெருக்கள் உண்டாதலால், தரகரின் வார்த்தையை மட்டும் நம்பாமல், அந்தத் தெருவில் நெடுங்காலம் வசிப்பவர்களிடம் மழைநீர் எவ்வளவு உயரம் நின்றதென்று விசாரியுங்கள். பூர்வீக வீட்டை விற்க அவசரப்பட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை குரோம்பேட்டையில், ரயில் நிலையத்துக்கு நடந்துசெல்லும் தூரத்தில், வாடகைக்கே இருங்கள். கிரயம் செய்வதைத் தை மாதத்தில் யோசிக்கலாம்.