கவிதை பிள்ளையை எப்படி வளர்க்கிறது?

கேள்வி: 'கவிதையும் மனித வளர்ச்சியும்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வரும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. உதவுவீர்களா?
– தரம் 11 மாணவி, காரைநகர்

பதில்: மகளே, கட்டுரையை நீதான் எழுத வேண்டும், வழியை நான் சொல்கிறேன். பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் நவாலி. அந்த ஊர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய 'ஆடிப்பிறப்பு' பாட்டைச் சின்ன வயதிலேயே பாடமாக்கியிருப்பாய். அந்த ஒரு பாட்டையே எடுத்துக்கொள்.

நான்கு வயதில் பொருள் முழுதாக விளங்காது. எதுகையும் சந்தமும் காதில் ஒட்டிக்கொள்ளும். அது வீண்போவதில்லை. சொற்களின் ஒலி ஒற்றுமையை இனங்காணும் திறன் பிள்ளையின் வாசிப்புக்குக் கைகொடுக்கிறது என்று பிராட்லி, பிரயன்ட் என்ற ஆய்வாளர்கள் 1983இல் காட்டினார்கள். எட்டு வயதில், அரிசி இடிப்பதும் பனங்கட்டி சேர்ப்பதும் கூழ் காய்ச்சுவதும் கண்முன்னே விரியும். கண்ணால் காணாத கருத்துகளைப் பற்றிச் சிந்திக்கும் ஆற்றல் பதினொன்று, பன்னிரண்டு வயதளவில்தான் உருவாகத் தொடங்குகிறது என்றார் உளவியலாளர் பியாஜே. ஆகவே இன்று உன்னால் கேட்க முடியும்: கூடியிருந்து கூழ் குடித்த உறவுகள் இப்போது எந்தெந்த நாட்டில்? பாட்டு மாறவில்லை, நீ வளர்ந்திருக்கிறாய். கட்டுரையின் மையம் அதுதான்.

அடுத்து, அம்மம்மா சிறுவயதில் பாடமாக்கிய பாட்டு ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேள். அன்று அது அவருக்கு என்ன சொன்னது, இன்று என்ன சொல்கிறது என்று விசாரித்து ஒரு பந்தி எழுது. கைபேசியில் பார்த்தெழுதும் பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு பந்தி பெறுமதியானது.